நாலாம் நாள் சடை

தீவுக்குப் போய்த் திரும்பியவர்களின் வாய்ப்பேச்சை அந்தக் குடியிருப்பில் யாரும் நம்புவதில்லை. வாசல் கேட்டுக்குப் பக்கத்திலேயே நிறுத்தி, முழங்கைக்குக் கீழே பிடித்து, வெயிலில் திருப்பி, போகும்போது இருந்ததைவிட எவ்வளவு கறுத்திருக்கிறார்கள் என்று பார்த்த பிறகுதான் பெட்டிகளை உள்ளே கொண்டுபோக விடுவார்கள். கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம், கரிசல் காட்டின் நடுவே இருபத்துநான்கு வீடுகள். நிலத்தடி நீரை அளக்கிற மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் ஆட்கள் அங்கே குடியிருந்தார்கள். நான்கு வருடங்களுக்கு ஒருமுறை குடும்பத்தோடு தூரமாக எங்கேயாவது போய்வர எல்.டி.சி. என்ற சலுகை அவர்களுக்கு உண்டு. விமானத்தில் போகலாம் என்பதால் எல்லோரும் அந்தமானுக்கே போனார்கள். எப்போதோ காந்திராஜன் என்ற கிளார்க் அந்தமானுக்கு என்று எழுதிக்கொடுத்துவிட்டு, எட்டு நாளும் அருப்புக்கோட்டையில் மச்சினன் வீட்டு மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்து, போனதைவிடச் சிவப்பாகத் திரும்பி வந்தான். அன்றிலிருந்து இந்தச் சோதனை. ஜீப் டிரைவரின் மனைவி தையல்நாயகி தன் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, சரி, கடல் வெயில்தான் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

ஆகவே, பிப்ரவரி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பதினேழாம் எண் வீட்டுப் பிள்ளைகள் இருவரும், ஆறாவது படிக்கும் ஆதிரையும் மூன்றாவது படிக்கும் செழியனும், மூக்கு நுனியிலும் தோளிலும் கடல் வெயில் ஏறிப் பால் வாங்க வந்து நின்றபோது, தையல்நாயகி பழக்கத்தில் அவர்கள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். ஆட்டிய பிறகுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. அந்த வீட்டுக்காரர்கள் மே மாதத்துக்குத்தான் டிக்கெட் எடுத்திருந்தார்கள்.

பின்னாலேயே வந்த பிள்ளைகளின் தாயிடம், "ஏம்மா மங்கை, எப்பப் போனீக, எப்ப வந்தீக?" என்றாள். "நேத்து சாயங்காலம் இந்தப் பய என் வீட்டு வாசல்ல பம்பரம் விட்டுக்கிட்டுத் திரிஞ்சான்."

மங்கையர்க்கரசி பிள்ளைகளின் தலையை முகர்ந்து பார்த்தாள். உப்பு வாசனை.

"ராத்திரி தூக்கத்துல அந்தமான் போனோம். முதல் நாள் முடிஞ்சிருச்சும்மா," என்றாள் ஆதிரை. "பிளேன்ல எனக்கு ஜன்னல் சீட்டு. தம்பி ரெண்டு தடவ வாந்தி எடுத்தான். ஓட்டல் தலகாணி நாறுது."

மங்கை வீட்டுக்குள் போய், கோடு போட்ட நோட்டை எடுத்து, வாந்தி மாத்திரை என்பதற்குப் பக்கத்தில் இரண்டு அட்டை என்று திருத்தினாள். கீழே, தலையணை உறை நான்கு என்று எழுதினாள்.

பயணத்துக்கு எடுத்துப்போக வேண்டியவற்றை எழுதும் அந்த நோட்டை அவள் நவம்பரிலேயே தொடங்கியிருந்தாள். பதிமூன்று வருட மணவாழ்க்கையில் அவள் கடலைப் பார்த்தது ஒரே தடவை, திருச்செந்தூரில்; அப்போதும் எல்லோரும் அலையில் நிற்க, அவள் இடுப்பில் பிள்ளையும் கையில் அத்தனை பேரின் செருப்பும் வைத்துக்கொண்டு கரையில் நின்றாள். இந்தப் பயணத்தை அவள்தான் கேட்டாள், அவள்தான் தேதி பார்த்தாள், முழு ஆண்டுத் தேர்வு முடிகிற நாளையும் மே மாதக் கிணற்று அளவெடுப்பு முடிகிற நாளையும் காலண்டரில் வட்டம் போட்டு, இரண்டுக்கும் அந்தப் பக்கம் ஆறு நாள் கண்டுபிடித்தாள். கணவனுக்கு ஒரு பக்கம், மகளுக்கு ஒரு பக்கம், மகனுக்கு ஒரு பக்கம் என்று நோட்டு நிரம்பியது: முட்டிவரை கால்சட்டை, நனைந்தால் உடம்பில் ஒட்டாத சட்டை, புளியோதரைப் பொடி, ரப்பர் பேண்ட் பன்னிரண்டு, தலைவலித் தைலம். தனக்கென்று ஒதுக்கிய பக்கத்தில் அவள் இன்னும் எதுவும் எழுதவில்லை. ஓட்டல்காரன் அனுப்பிய படத்தைப் பார்த்து, "இவ்வளவு நீலமா ஒரு கடல் இருக்குமா, சாயம் போட்டிருப்பான்," என்று மட்டும் சொன்னாள்.

அவள் கணவன் திரவியம் அலுவலகத்தில் அளவையாளன். வருடத்துக்கு நான்கு முறை கிணறு கிணறாகப் போய், எஃகு நாடாவில் சாக்பீஸைத் தடவி உள்ளே இறக்கி, எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்த்து எழுதுவது வேலை. வெயில் பொறுக்காத சிலர் கிணற்றடிக்கே போகாமல் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து, போன தடவை எழுதியதற்குப் பொருந்துகிற மாதிரி ஓர் எண்ணை எழுதிவிடுவதுண்டு. அதற்கு மரத்தடி அளவு என்று பெயர். பதினெட்டு வருடத்தில் மரத்தடி அளவு ஒன்றுகூட எழுதாதவன் என்று பெயர் எடுத்தவன் திரவியம். பிள்ளைகளின் தோளைப் பார்த்ததும் அவன் கேட்டதெல்லாம், "எத்தன மணிக்கு இறங்குனீங்க?" என்பதுதான். ஆதிரை சொன்ன நேரம் டிக்கெட்டில் இருந்த நேரத்தைவிட இருபது நிமிடம் பிந்தியிருந்தது. விமானம் தாமதமாகும் என்று அவன் குறித்துக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு பிள்ளைகள் இரண்டாம் நாளோடு எழுந்தார்கள். செழியனின் இடது கால் செருப்பைக் காணவில்லை. அலை கொண்டுபோய்விட்டது என்றான். செருப்புக்கு எலாஸ்டிக் தைக்க வேண்டும் என்று மங்கை எழுதினாள். அதற்கடுத்த ஞாயிறு இருவரும் தலை நனைந்து எழுந்தார்கள். மூன்றாம் நாள் மழை. மழைக்கோட்டு, சின்னது இரண்டு.

குடியிருப்பு இதை அளக்கத் தொடங்கியது. அளப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு எதுவும் தெரியாது. ஆய்வுக்கூடத்துப் பெனடிக்ட் பிள்ளைகள் குளித்த தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டுபோய், உப்பு பார்க்கும் கருவியை அதில் விட்டுப் பார்த்துவிட்டு வந்து சொன்னான்: "கடல் தண்ணிதான். தண்ணி மேல சந்தேகமே இல்ல. சந்தேகமெல்லாம் புள்ளைக மேலதான்." கிணற்று அளவு எழுதுகிற புத்தகம் ஒன்றைப் புதிதாக எடுத்து, நாள், நிறம், உப்பு, கொண்டுவந்தது, காணாமல் போனது என்று கட்டம் போட்டு, கடைசியில் மறு அளவு என்று ஒரு கட்டத்தைக் காலியாக விட்டான். சனிக்கிழமை தோறும் மற்ற வீட்டுப் பிள்ளைகள் பாயும் தலையணையுமாகப் பதினேழாம் எண் வீட்டுக்குத் தூங்க வந்தார்கள். பதினோரு பிள்ளைகள் கூடத்தில் நெருக்கியடித்துப் படுத்து, பழைய நிறத்திலேயே கொசுக்கடியோடு எழுந்துபோனார்கள். மங்கை தன் பிள்ளைகளை மட்டும் வேண்டுமென்றே ஜன்னலோரம் படுக்கவைத்துக்கொண்டாள் என்று அவர்களுடைய தாய்மார்கள் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் கேட்பதா வேண்டாமா என்று ஒரு கூட்டம் நடந்து, நடந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமை என்பதால் வேண்டாம் என்று முடிவாயிற்று. அலுவலகத்தில் வேறொரு சந்தேகம்: பிள்ளைகள் ஏற்கெனவே மூன்று நாள் போய்வந்துவிட்டார்கள் என்றால், மே மாதத்துப் பயணம் இரண்டாவது பயணம் ஆகாதா? ஆபீசர் தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டார். மூன்றே நாளில் பதில் வந்தது. விதிகளில் இதற்குத் தடை எதுவும் காணப்படவில்லை. எனினும் பெற்றோர் உடன் சென்றார்களா என்பது தெளிவுபடுத்தப்பட வேண்டும்.

அதுவரை யாருக்கும் தோன்றாத கேள்வி அது. பிள்ளைகள் கறுத்திருந்தார்கள், பெற்றோர் பழைய நிறத்திலேயே இருந்தார்கள்.

"நானும் வந்தேனா?" என்று மங்கை பிள்ளைகளைக் கேட்டாள்.

"வந்தியே. எங்க செருப்பையெல்லாம் பிடிச்சிக்கிட்டு நின்ன," என்றான் செழியன். "நான் மட்டும் குடுக்கல. அதான் அலை கொண்டுபோயிருச்சு."

மங்கைக்கு அது போதுமானதாக இருந்தது. அந்த ஞாயிறுவரை.

நான்காவது ஞாயிறு காலையில் ஆதிரை எழுந்து உட்கார்ந்தபோது அவள் தலையில் சடை இருந்தது. சனிக்கிழமை எண்ணெய் வைத்துத் தலையை விரித்துவிட்டுத்தான் அவளைப் படுக்கவைத்திருந்தாள் மங்கை. இந்தச் சடை மங்கை போட்டதில்லை. எந்தப் பெண்ணும் போட்டதில்லை. இடப்பக்கமாகச் சாய்ந்து, முறுக்கிக்கொண்டு, நடுவில் ஒரு கற்றை முடி விட்டுப்போய், நுனியில் ரப்பர் பேண்டுக்குப் பதில் வலையிலிருந்து அறுந்த நீல நைலான் கயிற்றால் கட்டியிருந்தது.

"யாரு போட்டது?"

"அப்பா."

"நான் எங்க போனேன்?"

ஆதிரை தம்பியைப் பார்த்தாள். செழியன் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"கண்ணாடிப் படகுல போனோம். அடியில மீனெல்லாம் தெரிஞ்சிச்சு," என்றான்.

"நான் படகுல இருந்தேனா?"

"இல்ல."

"பிறகு எங்க இருந்தேன்?"

"சொல்லக் கூடாது."

"யாரு சொன்னா அப்படி? அப்பாவா?"

ஆதிரை சடையை முன்னால் இழுத்துப் போட்டு, நீலக் கயிற்றைத் திருகிக்கொண்டே சொன்னாள்: "நீதாம்மா."

படகு திரும்பிக் கரைக்கு வருவதற்குள் முழித்துவிட்டோம், அதற்கு மேல் எங்களுக்கும் தெரியாது என்று மட்டும் ஆதிரை சொன்னாள்.

அதற்கடுத்த ஞாயிறு பிள்ளைகள் வெறுமனே எழுந்தார்கள். உப்பு இல்லை, மணல் இல்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. பரீட்சை நெருங்கிவிட்டதால் நின்றுபோயிற்று என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். குடியிருப்பு அப்படிச் சொல்லவில்லை. ஆறு நாள் பயணத்தில் நாலாம் நாளோடு நின்றது என்றால் ஐந்தாம் நாள் என்று ஒன்று இல்லை என்று சொன்னது. பெனடிக்டின் புத்தகத்தில் நான்காவது வரிசையில், சடையின் சாய்வும் விட்டுப்போன கற்றையும் கயிற்றின் நிறமும் எழுதி, தாய்: இல்லை என்று எழுதியிருந்தது. வருடா வருடம் இறங்கிக்கொண்டே போகிற தண்ணீரை எழுதி எழுதி, எழுதியது எதுவும் மேலே வந்ததில்லை என்று கண்ட மனிதர்கள் அவர்கள். புத்தகத்தில் ஏறிய ஒன்று நடக்காமல் போகும் என்பதை அவர்களால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மூன்று கட்சிகள் உண்டாயின. கடல் கொண்டுபோய்விடும் என்று ஒரு கட்சி; உடம்புக்கு முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடப்பாள் என்று ஒரு கட்சி; மூன்றாவது கட்சியார் மங்கை இல்லாத இடத்தில் மட்டும் பேசினார்கள். பெண்கள் திரவியத்தின் முகத்தைக் கவனித்தார்கள். ஆண்கள் மங்கை போனில் பேசும்போது நடையை மெதுவாக்கினார்கள். மாவு மில்லில் வரிசையில் நின்ற தையல்நாயகி சொன்னாள்: "கடல் கொண்டுபோச்சுன்னா புள்ளைக அழுதிருக்கும். இதுக அழல, ஒளிக்குதுக. ஒளிக்கிறது சாவு இல்ல தாயீ. அது வேற."

மங்கை இதையெல்லாம் கேட்டாள். முதலில் அவளுக்கும் திரவியத்தின் மேல்தான் சந்தேகம் வந்தது. அவன் பையை, சட்டைப் பாக்கெட்டை, அவன் சிரித்த இடத்தை, சிரிக்காத இடத்தை மூன்று நாள் துழாவினாள். அதன் பிறகு கண்ணாடிக்கு முன்னால் நின்று, அடுத்தவள் பையைத் துழாவுகிற மாதிரி, தன் முகத்தைத் துழாவத் தொடங்கினாள். என் பிள்ளைகளிடம் சொல்லாதே என்று சொல்லப்போகிற இவள் யார், இவளுக்கு என்ன வேண்டும், பெற்ற பிள்ளைகளைப் படகில் ஏற்றிவிட்டு இவள் எங்கே போவாள் என்று பார்த்தாள். குழம்பு கொதிக்கும்போதும், யூனிபாரம் தேய்க்கும்போதும், தான் செய்கிற ஒவ்வொன்றையும் பக்கத்தில் நின்று கண்காணித்தாள்.

"கேன்சல் பண்ணிரலாம்," என்றான் திரவியம். பிள்ளைகள் பரீட்சைக்குப் போயிருந்த காலை நேரம் அது. "என்ன இப்ப, கடல் எங்கயும் ஓடிரப் போவுதா?"

"நாலாம் நாள்னு ஒண்ணு எழுதியாச்சு. போகலன்னா அது இங்க தேடிக்கிட்டு வரும். இங்க வந்தா அடுப்படியில வரும். அங்க வந்தா கடற்கரையில வரட்டுமே."

"என் மேல சந்தேகப்படுறியா?"

"மூணு நாள் பட்டேன். இப்ப இல்ல."

"இப்ப யார் மேல?"

"என் மேல," என்றாள்.

அன்று சாயங்காலமே அவள் ஆதிரையைக் கட்டிலோரம் தரையில் உட்காரவைத்து, திரவியத்தின் கையில் சீப்பைக் கொடுத்தாள். அவள் கணக்கு எளிமையானது. வந்தது கோணல் சடை. கோணல் சடை போடுகிற கை இல்லாமல் போய்விட்டால் அந்த நாளும் இல்லாமல் போகும். வகிடு எடுப்பது எப்படி, மூன்று காலாகப் பிரிப்பது எப்படி, எந்தக் கால் எதற்கு மேல், எங்கே இறுக்குவது, எங்கே விடுவது என்று அவள் சொல்லச் சொல்ல, கிணற்றுக்குள் நாடா இறக்குகிற கவனத்தோடு அவன் பின்னினான். முதல் வாரம் தலை வலிக்கிறது என்று ஆதிரை கத்தினாள். இரண்டாம் வாரம் கத்தவில்லை. ஏப்ரல் முடிவதற்குள் அவன் போட்ட சடை, ரூல் தடி வைத்து வரைந்த மாதிரி முதுகின் நடுவில் இறங்கியது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் ரிப்பனை எடுத்துக்கொண்டு வந்து அவன் முன்னால் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

ஜன்னல் வழியே பார்த்த தையல்நாயகி, "பொண்டாட்டி இல்லாத வீட்டுக்கு ஆம்பள தயாராவுறான்," என்றாள். அதைக் கேட்டுக்கொண்டே மங்கை ரப்பர் பேண்ட் பன்னிரண்டு என்பதை அடித்துவிட்டு இருபத்துநான்கு என்று எழுதினாள்.

மே அளவெடுப்பு முடிந்து அவர்கள் புறப்பட்ட அன்று குடியிருப்பு முழுவதும் கேட்டுக்கு வந்திருந்தது. எல்லோரும் மங்கையின் முகத்தையே பார்த்தார்கள். பதிவு செய்து வைத்துக்கொள்கிற பார்வை.

விமானம் இருபது நிமிடம் பிந்தி இறங்கியது. செழியன் இரண்டு தடவை வாந்தி எடுத்தான், மாத்திரை போட்டும். தலையணைகள் நாறின, உறை மாற்றிய பிறகும் உள்ளேயிருந்து நாறின. மறுநாள் செழியன் எலாஸ்டிக் தைத்த செருப்போடு அலையில் நின்றான். அலை வந்தது, எலாஸ்டிக்கோடு சேர்த்து இடது செருப்பைக் கழற்றிக்கொண்டு போனது. மற்ற மூன்று ஜோடியையும் கையில் பிடித்தபடி கரையில் நின்ற மங்கையும், முட்டிவரை நனைந்து நின்ற திரவியமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் மழைக்கோட்டுக்கு உள்ளேயே பிள்ளைகள் நனைந்தார்கள்.

நாலாம் நாள் விடிவதற்கு முன்பே மங்கை எழுந்துவிட்டாள். ஈரமான குளியலறைத் தரையைச் சந்தேகப்பட்டுச் சுவரைப் பிடித்து நடந்தாள். இட்லியை முகர்ந்து பார்த்துத் தின்றாள். தன்னை இரண்டு தடவை பார்த்த படகுக்காரனை அவளும் இரண்டு தடவை பார்த்தாள். மாரில் வலிக்கிறதா, தலை சுற்றுகிறதா என்று நடக்கும்போதே தன்னைக் கேட்டுக்கொண்டு வந்தாள். ஒன்றும் இல்லை. கடற்கரையில் கண்ணாடிப் படகு காத்திருந்தது. ஆதிரை ஒரு கவிழ்த்துப்போட்ட தோணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பழக்கத்தில், சீப்பைத் தாயிடம் நீட்டினாள்.

மங்கை சீப்பை வாங்கினாள். அப்போதுதான் நிமிர்ந்து கடலைப் பார்த்தாள். படத்தில் இருந்த அதே நீலம், சாயம் இல்லை. அலை பெரிதாக இல்லை. தூரத்தில் ஒரு மரம் தண்ணீருக்கு மேல் சாய்ந்து நின்றது. அதன் கீழே யாரும் இல்லை. அவள் கை சீப்போடு அப்படியே நின்றது.

"நான் படகுக்கு வரல," என்றாள்.

திரவியம் திரும்பினான். "மேலுக்கு முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"பிறகு என்ன?"

"இங்கயே இருக்கேன். நீங்க போய்ட்டு சாயங்காலம் வாங்க. எனக்கு இன்னிக்கு ஒரு நாள் தனியா இருக்கணும்."

"யாரு கூட?" என்று கேட்டான் திரவியம். கேட்ட பிறகுதான் அது தன் குரல் இல்லை, மாவு மில் வரிசையின் குரல் என்று அவனுக்குத் தெரிந்தது.

மங்கைக்குக் கோபம் வரவில்லை. இத்தனை மாதம் தன்னைத் துழாவித் தேடியதை அவளே அப்போதுதான் கண்டெடுத்திருந்தாள். இவ்வளவு சின்னதாக அது இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

"யாரும் இல்லாம இருக்கத்தான்," என்றாள். "யாரு செருப்பையும் பிடிச்சிக்கிட்டு நிக்காம."

பிறகு பிள்ளைகளின் பக்கம் குனிந்தாள். "ஊர்ல யார்கிட்டயும் சொல்லாதீங்க. அம்மா சும்மா ஒரு நாள் தனியா உக்காந்திருந்தான்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. வேற எதையாச்சும்தான் நம்புவாங்க."

செழியன் தலையை ஆட்டினான்.

"இதத்தாம்மா சொன்ன," என்றான்.

திரவியம் சீப்பை அவள் கையிலிருந்து வாங்கினான். கீழே உட்கார்ந்து பின்னத் தொடங்கினான். யோசிக்காமலே விரல்கள் ஓடின. முடித்துப் பார்த்தால், முதுகின் நடுவில் நேராக, ஒரு மயிர் பிசகாமல் இறங்கியிருந்தது சடை. ஆதிரை கையைப் பின்னால் விட்டுத் தடவிப் பார்த்தாள்.

"அப்பா," என்றாள் மெதுவாக. "அன்னிக்கு இப்படி இல்ல."

இந்தச் சடையோடு படகில் ஏறினால் இது அந்த நாள் இல்லை என்று ஆகும். மங்கை பயந்தது நடக்காது. ஆனால் இந்த நாள் எழுதப்பட்டதில்லை என்றாகிவிட்டால், மங்கை எழுந்து, மணலைத் தட்டிவிட்டு, எல்லோருடைய செருப்பையும் எடுத்துக்கொண்டு படகில் ஏறவும் வேண்டியிருக்கும். அவள் ஏற்கெனவே அவனைப் பார்க்காமல், ஏறத் தயாராகத்தான், நின்றுகொண்டிருந்தாள். திரவியம் கொஞ்ச நேரம் சடையைப் பார்த்தான். சாயங்காலம் இந்தக் கரையில் அவள் இருப்பாளா என்று அவனுக்குத் தெரியாது. புத்தகத்திலும் இல்லை.

ரப்பர் பேண்டைக் கழற்றினான். சடையை நுனியிலிருந்து பிரித்தான். நேராகப் போடக் கற்ற கைக்குக் கோணலாகப் போடுவது கஷ்டமாக இருந்தது; விரல்கள் தாமாகவே திருத்திக்கொண்டன; இரண்டு தடவை பிரித்து, மூன்றாம் தடவை இடப்பக்கமாகச் சாய்த்து, முறுக்கி, நடுவில் ஒரு கற்றையை வேண்டுமென்றே விட்டான். ரப்பர் பேண்டைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, மணலில் தேடி, வலையிலிருந்து அறுந்து கிடந்த நீல நைலான் கயிற்றை எடுத்து நுனியைக் கட்டினான். மங்கை பார்த்துக்கொண்டே இருந்தாள். தன் செருப்பை மட்டும் கழற்றி மணலில் வைத்தாள்.

படகு போகப் போக அவள் ஒரு புள்ளியானாள். கண்ணாடிக்கு அடியில் மீன்கள் ஓடின. பிள்ளைகள் இருவரும் அவற்றை ஏற்கெனவே பார்த்துவிட்டதால் கரையையே பார்த்தார்கள். திரும்பி வரும்போது செழியன் படகின் முன்முனைக்குப் போய் நின்றான், ஆதிரை அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இதற்குப் பிறகு நடப்பதை அவர்கள் முன்பு பார்த்ததில்லை. கரை நெருங்கியது. கவிழ்த்த தோணி தெரிந்தது. தோணிக்குப் பக்கத்தில் மங்கையின் செருப்பு இருந்தது. செருப்பு மட்டும் இருந்தது.

திரவியம் படகு நிற்பதற்கு முன்பே தண்ணீரில் குதித்தான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான். கூப்பிட வாயைத் திறந்தான், கூப்பிடவில்லை. வெகு தூரத்தில், சாய்ந்த மரத்தின் அந்தப் பக்கமிருந்து, சேலையை முட்டிவரை தூக்கிச் செருகிக்கொண்டு, அலையின் ஓரமாக ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். அவசரமே இல்லாமல் வந்தாள். அவள் வந்து சேரும்வரை அவன் அவள் செருப்பைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

அவர்கள் திரும்பி வந்த அன்று கேட்டில் இருபத்துமூன்று வீட்டு ஆட்களும் இருந்தார்கள். ஆட்டோவிலிருந்து முதலில் செழியன் இறங்கினான், பிறகு ஆதிரை, பிறகு திரவியம். கடைசியாக மங்கை இறங்கினாள். கூட்டத்தில் கொஞ்சம் சப்தம் எழுந்து அடங்கியது. நிம்மதி என்று அதைச் சொல்ல முடியாது. தையல்நாயகி ஒவ்வொருவர் கையாகப் பிடித்துப் பார்த்தாள். மங்கையின் இடது கையைப் பார்த்தாள், வலது கையைப் பார்த்தாள், மோவாயைப் பிடித்து முகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஒரு பக்கம் மட்டும் கறுத்திருக்கு," என்றாள். "பகல் பூரா ஒரே எடத்துல உக்காந்தவ மாதிரி."

"கடல் வெயில்தானக்கா?"

"கடல் வெயில்தான்," என்று தையல்நாயகி மனசில்லாமல் ஒத்துக்கொண்டாள்.

பெனடிக்ட் புத்தகத்தைத் திறந்தான். ஒவ்வொன்றாக வாசித்தான், திரவியம் சரி, சரி என்று சொல்லச் சொல்ல மறு அளவுக் கட்டத்தை நிரப்பிக்கொண்டு வந்தான். இருபது நிமிடம் சரி. செருப்பு சரி. மழை சரி.

"நாலாம் நாள் சட?"

"எழுதியிருக்கிற மாதிரியே."

"கயிறு?"

"நீலம்."

"தாய் இல்லன்னு போட்டிருக்கு."

பிள்ளைகள் இருவரும் ஒரே நேரத்தில் ஆட்டோவின் சக்கரத்தைப் பார்த்தார்கள்.

"கூடத்தான் இருந்தா," என்றான் திரவியம்.

"படகுலயா?"

"கூடத்தான் இருந்தான்னு எழுதுப்பா."

பெனடிக்ட் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி சிரித்தான். "மரத்தடி அளவு இல்லையே அண்ணாச்சி?"

எல்லோரும் சிரித்தார்கள். திரவியத்தைக் கேட்டதால் அது சிரிப்பாக இருந்தது. அவனும் கொஞ்சம் சிரித்தான், பேனாவை வாங்கினான், நாலாவது வரிசையின் கடைசிக் கட்டத்தில் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

பதினேழாம் எண் வீட்டை நோக்கி மங்கைதான் முதலில் நடந்தாள். அவள் கையில் எதுவும் இல்லை. பெட்டி, பை, தண்ணீர்ப் பாட்டில், செழியனின் ஒற்றைச் செருப்பு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மூன்று பேரும் பின்னால் போனார்கள். கதவு திறந்து மூடுகிறவரை தையல்நாயகி அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.